அமெரிக்காவில் படிக்கும்போது ஸ்காலர்ஷிப் பணத்துக்கு வரித் தாக்கல் செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்கக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்போடு படிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பகுதி, எஃப்-1 விசாவில் போயிருக்கும் மாணவர்களை மனதில் வைத்தது. குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள பிள்ளைகளுக்கும் அவர்கள் பெற்றோருக்கும் 7-ஆம் பகுதி. எண்கள் எல்லாம், வேறு ஆண்டு என்று சொல்லாத இடங்களில், 2025-இல் வந்த வருமானத்துக்கு, அதாவது 2026-இல் தாக்கல் செய்வதற்கு உரியவை. வரம்புகள் ஆண்டுதோறும் மாறும். வேலையின் வரிசை மாறாது.

அந்த வரிசையில்தான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். கல்லூரியிலிருந்து ஒரு படிவம் வந்ததும் சாஃப்ட்வேரைத் திறந்து, அது கேட்பதற்கெல்லாம் பதில் தட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். ஸ்காலர்ஷிப்பில் வரிக்கு உரிய பங்கு எவ்வளவு என்பதை எந்தப் படிவமும் முழுதாகச் சொல்வதில்லை. அந்தக் கணக்கை நாம்தான் போட வேண்டும். போட்டு முடித்த பிறகு சாஃப்ட்வேரைத் திறந்தால் போதும்.

1. நீங்கள் ரெசிடெண்டா, நான்-ரெசிடெண்டா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இது வரிச் சட்டம் பார்க்கும் பிரிவு. குடியேற்ற நிலையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒருவர் அமெரிக்காவில் எத்தனை நாள் இருந்தார் என்று எண்ணித்தான் இதை முடிவு செய்கிறார்கள். எஃப்-1 விசாவில் இருப்பவருக்கு முதல் 5 காலண்டர் ஆண்டுகள் அந்த நாள் கணக்கில் சேராது. அந்தக் காலம் முழுக்க அவர் நான்-ரெசிடெண்ட். ஓர் ஆண்டில் ஒரு நாள் இருந்தாலும் அது முழு ஆண்டாகவே எண்ணப்படும். 2021 ஆகஸ்டில் வந்தவருக்கு 2021 முதல் 2025 வரை ஐந்தும் முடிந்துவிட்டன. 2026-இல் அவர் நாள் எண்ணத் தொடங்குவார், 183 நாள் தாண்டினால் ரெசிடெண்ட் ஆகிவிடுவார்.

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், இதற்குப் பிறகு வரும் எல்லாமே இரண்டாகப் பிரிகிறது. நான்-ரெசிடெண்ட் 1040-என்ஆர் படிவத்தில் தாக்கல் செய்வார், ரெசிடெண்ட் சாதாரண 1040-இல். கடைகளில் பிரபலமாக விற்கும் வரி சாஃப்ட்வேர்கள் பல 1040-க்கு மட்டுமே ஆனவை. அதில் உட்கார்ந்தால் நீங்கள் யார் என்று கேட்காமலே உங்களை ரெசிடெண்ட் ஆக்கிவிடும். அப்புறம், "உங்களுக்கு 1,000 டாலர் கல்விச் சலுகை ரீஃபண்ட் உண்டு" என்றும் காட்டும். மனம் அங்கே போகும், போகக்கூடாது. நான்-ரெசிடெண்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. வாங்கினால் பிறகு வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிவரும். நான்-ரெசிடெண்ட் மாணவர்களுக்கென்றே ஸ்பிரின்டாக்ஸ், கிளேசியர் டாக்ஸ் பிரெப் போன்றவை இருக்கின்றன. பல கல்லூரிகள் அவற்றை இலவசமாகப் பயன்படுத்தக் குறியீடு தருகின்றன. உங்கள் இன்டர்நேஷனல் ஆபீஸில் கேளுங்கள்.

நான்-ரெசிடெண்டாக இருக்கும் எஃப்-1 மாணவர் ஒவ்வொருவரும், ஒரு டாலர் வருமானம் இல்லாவிட்டாலும், 8843 என்ற படிவத்தை அனுப்ப வேண்டும். அந்த 5 ஆண்டு விலக்கைக் கோருவதே அந்தப் படிவத்தின் வேலை.

2. காகிதங்களைச் சேருங்கள், மார்ச் நடுப்பகுதி வரை பொறுங்கள்

சேர்க்க வேண்டியவை இவை.

கல்லூரிக் கணக்கின் முழு விவரம்: ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை என்னென்ன கட்டணம் விழுந்தது, எந்தத் தேதியில் எந்த ஸ்காலர்ஷிப் வரவு வைக்கப்பட்டது என்ற பட்டியல். கட்டணம் வசூலிக்கும் பர்சார் ஆபீஸின் இணையப் பக்கத்தில் கிடைக்கும். எல்லாக் காகிதங்களிலும் முக்கியமானது இதுதான். படிவங்கள் எல்லாம் இதன் சுருக்கம்.

ஸ்காலர்ஷிப் கடிதம்: எந்தச் செலவுக்கு என்று நிபந்தனை போட்டிருக்கிறார்களா என்று பார்க்க.

புத்தகம், கருவி வாங்கிய ரசீதுகள். அவை கட்டாயம் என்று சொல்லும் பாடத்திட்டத் தாள்.

பிறகு படிவங்கள். வேலை பார்த்திருந்தால், சம்பளத்தைக் காட்டும் டபிள்யூ-2 ஜனவரி கடைசியில் வரும். டியூஷனையும் ஸ்காலர்ஷிப்பையும் காட்டும் 1098-டி படிவமும் அப்போதுதான்; ஆனால் நான்-ரெசிடெண்டுக்குக் கேட்டால் ஒழிய அதைக் கல்லூரி தர வேண்டியதில்லை. வரவில்லையே என்று பதற வேண்டாம். நான்-ரெசிடெண்டுக்கு உண்மையில் வேண்டியது, ஸ்காலர்ஷிப்பையும் அதில் பிடித்த வரியையும் காட்டும் 1042-எஸ். அதை அனுப்பக் கல்லூரிக்கு மார்ச் 15 வரை அவகாசம் இருக்கிறது.

பிப்ரவரியில் டபிள்யூ-2 கையில் வந்ததுமே தாக்கலை முடித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கு, மார்ச்சில் 1042-எஸ் வந்து இறங்கும். பிறகு 1040-எக்ஸ் போட்டுத் திருத்த வேண்டும். ஒரு மாதம் பொறுத்தால் அந்த வேலை மிச்சம்.

வேலை பார்க்காத மாணவரிடம் சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்காது. வரிக்குரிய ஸ்காலர்ஷிப் இருந்தால் அதற்குப் பதிலாக, டபிள்யூ-7 படிவத்தின் வழியாக ஐடின் என்ற வரி எண் வாங்க வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகும்; பாஸ்போர்ட்டைச் சரிபார்க்கும் அங்கீகாரம் சில கல்லூரி அலுவலகங்களுக்கே உண்டு என்பதால் முதலில் அங்கே விசாரியுங்கள்.

3. வந்த பணத்தை மூன்று குவியலாகப் பிரியுங்கள்

முதல் குவியல், வேலைக்கு வந்த பணம். பாடம் எடுத்ததற்கு, லேபில் ஆராய்ச்சி உதவி செய்ததற்கு என்று வந்தது பெயரில் ஸ்காலர்ஷிப்பாக இருந்தாலும் அது சம்பளம்தான். பெரும்பாலும் டபிள்யூ-2-இல் வரும். அதை ஸ்காலர்ஷிப் கணக்கில் மறுபடி சேர்க்காதீர்கள். டீச்சிங் அசிஸ்டெண்ட், ரிசர்ச் அசிஸ்டெண்ட் வேலையோடு கிடைக்கும் டியூஷன் தள்ளுபடிக்குப் பொதுவாக வரி இல்லை.

இரண்டாவது குவியல், வரி இல்லாதது. பட்டப் படிப்பில் சேர்ந்திருக்க வேண்டும். பணம் டியூஷனுக்கும், கல்லூரியில் சேர்ந்து படிக்கக் கட்டாயமான ஃபீஸுக்கும், அந்தப் பாடம் எடுக்கும் எல்லா மாணவருக்கும் கட்டாயமான புத்தகம், கருவி, பொருட்களுக்கும் போயிருக்க வேண்டும்.

"எல்லா மாணவருக்கும் கட்டாயம்" என்பதை அழுத்திப் படியுங்கள். லேப்டாப் விஷயத்தில் தகராறு வருவது இங்கேதான். ஆர்க்கிடெக்சர் துறை, இன்ன திறனுள்ள லேப்டாப் எல்லோரும் வைத்திருக்க வேண்டும் என்று எழுதிவைத்திருந்தால் அது சேரும். பழையது மெதுவாக இருக்கிறதென்று நீங்களே புதிதாக வாங்கினால் சேராது. அந்தத் துறைப் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது குவியல், மீதி எல்லாம்: ஹாஸ்டல் அறை, சாப்பாட்டுத் திட்டம், விமான டிக்கெட், உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்து வாடகைக்குப் போன ஸ்டைபெண்ட். இது வரிக்கு உரியது. ஹாஸ்டலில் தங்குவதைக் கல்லூரியே கட்டாயமாக்கியிருந்தாலும் அறை வாடகை இங்கேதான் வரும். மெடிக்கல் இன்ஷூரன்ஸையும் இந்தப் பக்கம் வைப்பது பாதுகாப்பு.

கடன் எந்தக் குவியலிலும் வராது. திருப்பித் தர வேண்டிய பணம் வருமானம் ஆகாது.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் ஒருமுறை பாருங்கள். ஸ்காலர்ஷிப் எந்த நாட்டைச் சேர்ந்தது என்பதைக் கொடுத்தவர் இருக்கும் நாட்டை வைத்தே முடிவு செய்கிறார்கள். சென்னையில் இருக்கும் ஒரு டிரஸ்ட் நான்-ரெசிடெண்ட் மாணவருக்குத் தரும் படிப்பு உதவிக்கு அமெரிக்கா வரி கேட்காது. ரெசிடெண்ட் ஆகிவிட்டால் அப்படித் தள்ள முடியாது. உலகில் எங்கிருந்து வந்தாலும் கணக்கில் வரும்.

4. காலண்டர் ஆண்டுக்குக் கணக்குப் போடுங்கள்

கல்லூரி ஆகஸ்டில் ஆண்டைத் தொடங்குகிறது, வரி ஜனவரியில். ஸ்பிரிங் செமஸ்டர் பில் டிசம்பரில் விழுந்து, அதற்கான ஸ்காலர்ஷிப் ஜனவரியில் வரவாகும். படிவங்களை மட்டும் பார்த்தால் ஓர் ஆண்டில் பணம் குறைவாகவும் மறு ஆண்டில் அதிகமாகவும் தெரிவதற்கு இதுதான் காரணம்.

1098-டி படிவத்தில் 1-ஆம் கட்டம், டியூஷனுக்காகக் கல்லூரிக்கு வந்து சேர்ந்த தொகை. 5-ஆம் கட்டம், ஸ்காலர்ஷிப்பும் கிராண்டும். ஐந்திலிருந்து ஒன்றைக் கழித்து, வருவதை அப்படியே வரிக்குரிய வருமானம் என்று எழுதுவது மிகப் பரவலான தவறு. ஒன்றில் நீங்கள் வெளியே வாங்கிய புத்தகம் இருக்காது. ஐந்தில் அடுத்த செமஸ்டருக்கான தொகை கலந்திருக்கலாம். 4, 6 ஆகிய கட்டங்களில் போன ஆண்டுக்கான திருத்தம் வரும். 7-ஆம் கட்டத்தில் டிக் இருந்தால், அடுத்த ஆண்டு ஜனவரி முதல் மார்ச்சுக்குள் தொடங்கும் செமஸ்டரின் பணமும் முதல் கட்டத்தில் சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

அதனால் கல்லூரிக் கணக்குப் பட்டியலை அச்செடுத்து, ஒவ்வொரு வரவுக்கும் பக்கத்தில் அது எந்த செமஸ்டருக்கு, எந்தக் குவியல் என்று பேனாவால் குறியுங்கள். கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் முழு வேலையிலும் இதைத் தவிர யோசிக்க வேண்டிய இடம் அதிகம் இல்லை.

5. ஓர் உதாரணம்

இந்தியாவிலிருந்து எஃப்-1 விசாவில் வந்த இளநிலை மாணவி. 2025-இல் கல்லூரி தந்த ஸ்காலர்ஷிப் 36,000 டாலர். டியூஷனும் கட்டாய ஃபீஸும் 24,000. கட்டாயப் புத்தகங்கள் 1,000, இவற்றை வெளிக்கடையில் வாங்கினார். மீதி அறைக்கும் சாப்பாட்டுக்கும்.

வரிக்கு உரியது 36,000-இலிருந்து 25,000 போக, 11,000 டாலர்.

கல்லூரிக்குப் புத்தகச் செலவு தெரியாது. அது 12,000 என்று எடுத்துக்கொண்டு, எஃப்-1 மாணவருக்கான 14 சதவீதப் பிடித்தமாக 1,680 டாலரை எடுத்துவிட்டது. 1042-எஸ் படிவத்தில் 1-ஆம் கட்டத்தில் 16 என்ற குறியீடு (ஸ்காலர்ஷிப் என்று பொருள்), 2-இல் 12,000, 10-இல் 1,680 இருக்கும்.

இந்தியா–அமெரிக்கா வரி ஒப்பந்தத்தின் 21(2) பிரிவு, இந்திய மாணவருக்கு ரெசிடெண்டுக்கு உரிய கழிவை, அதாவது வரி போடும் முன் வருமானத்திலிருந்து கழிக்கும் நிலையான தொகையை, அனுமதிக்கிறது. 2025-க்கு அந்த ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 15,750 டாலர். 11,000 அதற்குள் அடங்கிவிடுவதால் வரி பூஜ்யம். 1,680 டாலரும் திரும்பி வரும்.

அதே வகுப்பில், அதே தொகையோடு, இலங்கையிலிருந்து வந்த மாணவர் இருந்தால் அவருக்கு இந்தக் கழிவு கிடையாது. அது இந்திய மாணவர்களுக்கு மட்டும். 11,000-க்கு 10 சதவீதம், சுமார் 1,100 டாலர் வரி. திரும்ப வருவது சுமார் 580. இலங்கைக்கும் அமெரிக்காவோடு தனி ஒப்பந்தம் இருக்கிறது, அதில் மாணவர்களுக்கான பிரிவைப் படித்துவிட்டு இந்தக் கணக்கை முடிக்க வேண்டும்.

ரூம்மேட் செய்ததைப் பார்த்துச் செய்யாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். சீன மாணவருக்குச் சம்பளத்தில் 5,000 டாலர் விலக்கு அவர்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறது. நம் ஒப்பந்தத்தில் அது இல்லை. அவர்களுக்கு ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் இல்லை. பாஸ்போர்ட் மாறினால் கணக்கே மாறும்.

6. நான்-ரெசிடெண்ட்: 1040-என்ஆர் நிரப்புவது

ஷெட்யூல் 1 என்ற இணைப்புத் தாளில் 8ஆர் என்ற இடத்தில், டபிள்யூ-2-இல் வராத வரிக்குரிய ஸ்காலர்ஷிப்பை எழுதுங்கள். மேலே சொன்ன மாணவிக்கு அது 11,000. 1042-எஸ்ஸில் 12,000 என்றிருக்கிறதே என்று பயந்து அதை எழுத வேண்டியதில்லை. வித்தியாசத்துக்கு ரசீதும் பாடத்திட்டத் தாளும் உங்களிடம் இருந்தால் போதும்.

கழிவு எழுதும் இடத்தில் இந்திய மாணவர் 15,750 எழுதி, பக்கத்தில் இந்தியா–அமெரிக்கா ஒப்பந்தப்படி எடுத்த ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் என்று ஆங்கிலத்தில் குறிப்பு எழுத வேண்டும். குறிப்பு இல்லாமல் தொகை மட்டும் இருந்தால், நான்-ரெசிடெண்ட் தவறாக எடுத்த கழிவு போல அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ்ஸுக்குத் தோன்றலாம்.

பிடித்த வரியை 25ஜி என்ற இடத்தில் எழுதுங்கள். அது 1042-எஸ்ஸுக்கென்றே உள்ள இடம். சம்பளத்தில் பிடித்தது 25ஏ. இரண்டையும் ஒரே இடத்தில் கூட்டி எழுதினால் சரிபார்க்க முடியாமல் ரீஃபண்ட் நிற்கும்.

ஷெட்யூல் ஓஐ-யை விடாமல் நிரப்புங்கள். விசா வகை, வந்துபோன தேதிகள் அதில்தான். 8843-ஐயும் 1042-எஸ் நகலையும் இணையுங்கள்.

கடைசி நாள் ஏப்ரல் 15. பிடித்தத்துக்கு உட்பட்ட சம்பளம் எதுவும் இல்லாமல் ஸ்காலர்ஷிப் மட்டும் இருந்தால் ஜூன் 15 வரை நேரம் உண்டு. 8843 மட்டும் தனியாக அனுப்புகிறவருக்கும் ஜூன் 15. 1042-எஸ்ஸில் பிடித்த பணம் திரும்பி வர ஆறு மாதம் வரை ஆகலாம், அதனால் படிப்பு முடித்து ஊர் திரும்புகிறவர்கள் அமெரிக்க வங்கிக் கணக்கை உடனே மூடிவிடாதீர்கள்.

7. ரெசிடெண்டும் குடியுரிமை உள்ள பிள்ளைகளும்: 1040

இங்கேயும் வரிக்குரிய தொகை ஷெட்யூல் 1, 8ஆர் இடத்தில்தான் போகும். சிக்கல் வேறு: பிள்ளையைப் பெற்றோர் தங்கள் தாக்கலில் டிபென்டெண்டாக, அதாவது தங்களைச் சார்ந்தவராக, காட்டுகிறார்களா?

அப்படிக் காட்டினால் பிள்ளையின் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன், 1,350 டாலர் அல்லது உழைத்துச் சம்பாதித்த வருமானத்தோடு 450, எது அதிகமோ அது; உச்சம் 15,750. இந்தக் கணக்குக்கு மட்டும் வரிக்குரிய ஸ்காலர்ஷிப்பை உழைத்த வருமானமாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. 9,000 டாலர் வரிக்குரிய ஸ்காலர்ஷிப் மட்டும் உள்ள பிள்ளைக்கு 9,450 கழிவு, வரி இல்லை. ஆனால் 8615 படிவத்தில், அதாவது பிள்ளையின் வருமானத்துக்குப் பெற்றோரின் விகிதத்தில் வரி போடும் இடத்தில், அதே பணம் உழைக்காத வருமானம் ஆகிவிடும். உழைக்காத வருமானம் 2,700 டாலரைத் தாண்டினால், 24 வயதுக்குக் கீழே உள்ள முழுநேர மாணவர்கள் பலருக்கும் அந்தப் படிவம் உண்டு. தொகை பெரிதாக இருந்தால் இதை மறந்துவிடாதீர்கள்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. ஸ்காலர்ஷிப் முழுவதையும் டியூஷனுக்கு என்று வைப்பது எப்போதும் லாபம் அல்ல. டியூஷன் 8,000, ஸ்காலர்ஷிப் 8,000 என்று வையுங்கள். எல்லாம் டியூஷனுக்கு என்றால் வரி இல்லை, ஆனால் கல்விச் செலவுக்கு வரியில் கிடைக்கும் சலுகையான அமெரிக்கன் ஆப்பர்சூனிட்டி கிரெடிட்டும் இல்லை. கடிதத்தில் "டியூஷனுக்கு மட்டும்" என்ற நிபந்தனை இல்லாமல், அறைக்கும் சாப்பாட்டுக்கும் 4,000-க்கு மேல் உண்மையிலேயே செலவாகியிருந்தால், ஸ்காலர்ஷிப்பில் 4,000-ஐ அந்தச் செலவுக்கு என்று கொண்டுபோகலாம். பிள்ளைக்கு 4,000 வரிக்குரிய வருமானம். அது கழிவுக்குள் அடங்கும். டியூஷனில் 4,000 பெற்றோர் கணக்குக்கு வருகிறது. அதற்கு முழுக் கிரெடிட் 2,500 டாலர். மத்திய அரசு தரும் பெல் கிராண்டுக்கும் இந்த வழி பொருந்தும்.

இதற்கு மாணவர் முதல் நான்கு ஆண்டுப் படிப்பில், குறைந்தது பாதிநேரமாவது படிக்க வேண்டும். பெற்றோர் சேர்ந்து தாக்கல் செய்தால் வருமானம் 1,60,000 டாலரிலிருந்து கிரெடிட் குறையத் தொடங்கி, 1,80,000-இல் மறையும். பிள்ளையின் தாக்கலிலும் பெற்றோரின் தாக்கலிலும் ஒரே கணக்கு இருக்க வேண்டும், எனவே இரண்டையும் ஒன்றாக உட்கார்ந்து போடுங்கள்.

இப்படி வருமானமாகக் காட்டிய தொகையை, பிறகு கல்வி உதவிக்கான மத்திய அரசு விண்ணப்பமான ஃபாஃப்சா நிரப்பும்போது, வரிக்குக் காட்டிய ஸ்காலர்ஷிப் என்ற கேள்வியில் எழுத மறக்காதீர்கள். எழுதினால் உதவித்தொகைக் கணக்கில் அது வருமானத்திலிருந்து கழிக்கப்படும்.

8. மாநில வரி

டெக்சாஸ், ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் தனிநபர் வருமான வரி இல்லை, அங்கே இந்த வேலையும் இல்லை. மற்ற இடங்களில் மத்தியத் தாக்கலை முடித்த பிறகே மாநிலத் தாக்கலுக்குப் போக வேண்டும். எண்கள் அங்கிருந்துதான் வருகின்றன. மத்திய அரசின் ஒப்பந்தங்களை எல்லா மாநிலங்களும் ஏற்பதில்லை. கலிஃபோர்னியா ஏற்காது.

9. ஆறாம் ஆண்டு பிஎச்டி மாணவருக்கு

முதல் பகுதியில் சொன்ன அந்த 2021 மாணவரிடம் திரும்புவோம். அவருக்கு ஃபெலோஷிப் ஸ்டைபெண்ட் ஆண்டுக்கு 36,000 டாலர். 2026-இல் ரெசிடெண்ட் ஆனதும் கல்லூரி 14 சதவீதப் பிடித்தத்தை நிறுத்திவிடும். 1042-எஸ் வராது, வேலைக்கான பணம் அல்ல என்பதால் டபிள்யூ-2-வும் வராது. கையில் வரும் பணம் கூடியது போல இருக்கும். படிவம் வரவில்லை என்றால் வரி இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். வரி அப்படியே இருக்கிறது.

2026-க்கு ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 16,100. மீதி 19,900-இல் முதல் 12,400-க்கு 10 சதவீதம், அடுத்த 7,500-க்கு 12 சதவீதம்: 1,240-உம் 900-உம் சேர்ந்து 2,140 டாலர். ஆண்டு முடிவில் 1,000 டாலரோ அதற்கு மேலோ பாக்கி நிற்கும் என்றால் 1040-இஎஸ் வழியாகத் தவணையில் கட்ட வேண்டும், இல்லையென்றால் அபராதம். இவருக்குத் தவணைக்கு 535 டாலர். ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஜனவரி 15. இந்த ஆண்டு வரியில் 90 சதவீதமோ போன ஆண்டு வரியில் 100 சதவீதமோ, எது குறைவோ அதைக் கட்டியிருந்தால் அபராதம் இல்லை.

ரெசிடெண்ட் ஆன ஆண்டின் தொடக்கத்திலேயே பேரோல் ஆபீஸுக்கு, ரெசிடெண்ட் என்று தெரிவிக்கும் டபிள்யூ-9 படிவத்தைக் கொடுங்கள், பழைய நிலையிலேயே பிடித்துக்கொண்டிருந்தால் படிவங்கள் குழம்பும். முதல் தவணை நாளும் போன ஆண்டுத் தாக்கலின் வழக்கமான கடைசி நாளும் ஏப்ரல் 15-தான் என்பதால், அந்தத் தாக்கலை முடித்த கையோடு ஐஆர்எஸ்ஸின் டைரக்ட் பே பக்கத்தில் முதல் தவணையையும் கட்டிவிடலாம். கட்டும்போது எந்த ஆண்டுக்கு என்ற இடத்தில் 2026 என்று தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பழைய ஆண்டைத் தட்டிவிட்டால் பணம் அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும்.